படிவங்கள் வந்த வரிசை

இலங்கையில் போருக்குப் பிறகு, காணாமற்போனவர்களைப் பற்றிப் பாராளுமன்றம் என்னென்ன சட்டம் போட்டது என்பதை நான் சபைப் பேச்சுகளைப் பதியும் ஹன்சாட்டில் படித்தவனல்ல. வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில், பதிவாளர் பிரிவில் வேலை பார்த்தேன். கொழும்பில் நிறைவேறும் சட்டம் எங்கள் மேசைக்குப் படிவமாகத்தான் வந்து சேரும். அது கேட்கும் முதல் கேள்வியிலேயே சட்டத்தின் குணம் தெரிந்துவிடும்.

முதலில் வந்தது 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவர் பயங்கரவாதத்தாலோ கலவரத்தாலோ இறந்துவிட்டார் என்று நம்பினால், உறவினர் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதைக் கெட்ட சட்டம் என்று ஒரே வரியில் தள்ளிவிட என்னால் முடியாது. முள்ளிவாய்க்காலில் புருஷனைத் தன் கையாலேயே புதைத்துவிட்டு வந்தவரிடம் வைத்தியசாலைத் துண்டு ஏது? வங்கிப் புத்தகத்துக்கும் காணி உறுதிக்கும் அதுதான் வழி.

மற்றவர்களை என்ன செய்வது? “வட்டுவாகலிலை என்ர கையாலை ஆமியிட்டை ஒப்படைச்சனான் ஐயா. செத்திட்டார் எண்டு நானே எப்பிடி எழுதித் தாறது?” என்று ஓர் இளம் தாய் கேட்டார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை. இறந்ததாக எழுது, இல்லாவிட்டால் வெறுங்கையோடு போ. சட்டத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆறு வருடம் கழித்து, 2016இல், 16ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. ஆளைக் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ். அதை வைத்துக் கொடுப்பனவு கேட்கலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். இறந்ததாக எங்கும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மனிதருக்கு மரியாதை கொடுத்து எழுதிய படிவம் அது.

அதே வருடம் ஆகஸ்ட் 11 அன்று, காணாமற்போனவர்களைத் தேட ஓர் அலுவலகம் அமைக்கும் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் கூச்சல் குழப்பத்துக்கு நடுவில் வாக்கெடுப்பில்லாமல் நிறைவேறியது. அலுவலகத்தின் கண்டறிதல்களால் யாருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ வராது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆணையாளர்களை நியமிக்க 2018 பெப்ரவரி ஆகிவிட்டது. வலிந்து காணாமலாக்குவது குற்றம் என்ற சட்டம் அதற்கும் பிறகு, மார்ச்சில் நிறைவேறியது. ஆதரவு 53, எதிர்ப்பு 16. சபையில் மொத்தம் 225 பேர். மிச்சப்பேருக்கு அன்று என்ன அலுவலோ!

ஆக, செத்தவராகப் பதியச் சொன்ன சட்டம் முன்னால் வந்தது. தேடச் சொன்ன சட்டம் பின்னால் வந்தது. குற்றம் என்று சொன்ன சட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. தலைகீழாக வந்திருந்தால் 2016இன் படிவத்தைச் சனம் நம்பி வாங்கியிருக்கும் என்பது என் எண்ணம். “அண்டைக்குச் செத்ததெண்டு எழுதச் சொன்னனீங்கள். இண்டைக்குக் காணேல்லை எண்டு எழுதச் சொல்லுறியள். நாளைக்கு என்ன தம்பி?” என்று கேட்ட அம்மாவுக்குச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டுவது? 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்ததற்கு இந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம்.

2019 வரவு செலவுத் திட்டத்தில், காணவில்லை என்ற சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் என்றார்கள். பிள்ளைக்கு விலை பேசுகிறார்கள் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தை நான் மறுத்துப் பேசியதில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் வந்தால், “கோபத்தை வைச்சிருங்கோ, காசையும் எடுங்கோ” என்று படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.