மறுபடியும் அதே புத்தகம்

ஜூன் 3

சின்னவள் இன்றும் அந்த யானைப் புத்தகத்தைத்தான் எடுத்து வந்தாள். நாலு வயது. அலமாரியில் அவளுக்கென்று இன்னும் நிறைய இருக்கின்றன, ஆனால் பல வாரங்களாக இது ஒன்றுதான் வேண்டியிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்பே முதல் வரியைச் சொல்லிவிடுகிறாள்.

கதைதான் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் காரணம் தெரிகிறது. அடுத்து என்ன ஆகுமோ என்ற கவலை தீர்ந்த பிறகுதான் அவள் படத்துக்குள்ளேயே போகிறாள். இன்று ஒரு மரத்தடியில் நத்தை இருப்பதைக் காட்டினாள். புரட்டிப் பார்த்தால் அந்த நத்தை கடைசிப் பக்கம் வரை ஓரமாக ஊர்ந்துகொண்டே வருகிறது. எழுத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஓவியர் அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே வைத்திருக்கிறார். எழுத்து தெரிந்த நான் வரியிலேயே கண்ணாக இருக்கிறேன். அவளுக்கு வரி கிடையாது, அதனால் முழுப் பக்கமும் அவளுடையது.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான் இருக்கும். பெரிய அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16, 32 என்ற கணக்கில் வருவதால் இந்த வழக்கம். அவ்வளவு சின்ன இடத்தில் எது எந்தப் பக்கத்தைப் புரட்டும்போது தெரிய வேண்டும் என்று யோசித்து வைக்கிறார்கள். நாவலில் பக்கம் புரட்டுவதைக் கை தானாகச் செய்துவிடும். இங்கே புரட்டுவதும் கதையில் சேர்த்தி. யானை ஆற்றில் இறங்கும் இடம் வந்ததும் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் புரட்ட விடுகிறாள்.

ஜூன் 5

என் பங்குக்கு நாவலில் நாலே பக்கம். பிள்ளைகள் வந்த பிறகு தடிமனான புத்தகமெல்லாம் நடக்காது என்பார்கள். நடக்கிறது, மெதுவாக. மெதுவாகப் போவதால் அந்த நாவலில் வருகிற குடும்பத்தோடு மாதக்கணக்கில் இருக்க முடிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஜூன் 9

குழந்தைக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும்: புத்தகத்தில் இருக்கிறபடியே வாசிப்பதா, வீட்டுப் பேச்சுக்கு மாற்றிச் சொல்வதா? "அவள் காட்டுக்குச் சென்றாள்" என்று அச்சில் இருக்கும். வாயில் "காட்டுக்குப் போனா" என்று வரும். பெரியவன் சின்னவனாக இருந்தபோது மாற்றித்தான் சொன்னேன். குழந்தைக்கு உடனே புரிய வேண்டும், முகம் மலர வேண்டும், அதற்கு அதுதான் சரியாக இருந்தது. சின்னவளுக்கு ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னேன். இப்போது உள்ளது உள்ளபடி வாசிக்கிறேன்.

இன்று அவள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்போது ஒரு சிங்கம் வந்தது. அது மிகவும் பசியாக இருந்தது." வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கதை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அம்மா, இந்த பொம்மை தூங்கிடுச்சு, போர்வை குடு" என்றாள். எங்கே எந்தத் தமிழ் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நம் பிள்ளைகள் பள்ளிப் பாடம் வழியாகத்தான் எழுத்துத் தமிழை முதலில் சந்திக்கிறார்கள் என்றால், அது அவர்களுக்குத் தேர்வின் மொழியாகப் போய்விடுகிறது. அதற்கு முன்பே மடியில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அது சிங்கம் வருகிற மொழி. குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வதற்கு இது ஒன்றே எனக்குப் போதும்.

ஜூன் 14

பெரியவன் 'டோட்டோ-சான்' முடித்துவிட்டான். தெட்சுகோ குரோயநாகி தன் சொந்தப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய புத்தகம், ஜப்பானில் 1981இல் வந்தது. டோமோயி பள்ளியின் ரயில் பெட்டி வகுப்பறைகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசினான். "இது நிஜமாவே நடந்துச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நடந்தது. முதல் நாள் நாலு மணி நேரம் அந்தச் சிறுமி பேசியதைத் தலைமையாசிரியர் கொபயாஷி கொட்டாவி விடாமல் கேட்டதும் நடந்தது. 1945இல் குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோனதும் நடந்தது. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு என்னிடம் வந்தவன், எரிகிற பள்ளியைப் பார்த்துக்கொண்டே அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று கொபயாஷி தன் மகனிடம் கேட்கும் இடத்தை எடுத்துக் காட்டினான். "எப்படிம்மா அப்பவே கேட்டாரு?" எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேரும் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தோம்.

ராத்திரி நானும் முதலிலிருந்து எடுத்தேன். கல்லூரி நாட்களில் படித்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலோரம் நிற்கும் சிறுமியும் கொபயாஷியும்தான். இந்த முறை கண் அம்மாவிடமே போகிறது. முதல் பள்ளியிலிருந்து மகளை நீக்கிவிட்டார்கள் என்பதை அந்த அம்மா அவளிடம் சொல்லவே இல்லை. மகளுக்கு இருபது வயதான பிறகுதான் சொல்கிறாள். புத்தகத்தில் சில வரிகளில் வந்துபோகிற செய்தி. இத்தனை வருடம் ஒரு குழந்தை தன்னைக் குறைவாக நினைக்காமல் இருப்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள் ஒருத்தி! முன்பு இந்த வரிகளை எப்படிக் கடந்து போனேனோ, ஞாபகமே இல்லை.

இது முதலில் இளம் பெண்களுக்கான ஒரு பத்திரிகையில் தொடராக வந்ததாம். அப்படியென்றால் பெரியவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். பத்து வயதுக்காரனுக்கு ரயில் பெட்டி, எனக்கு அந்த அம்மா. ஒரே புத்தகத்தை ஒரே வீட்டில் இரண்டு பேர் படித்துவிட்டு வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 18

பெரியவன் கையில் காமிக்ஸ். சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். படக்கதையில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே நடந்ததை வாசிப்பவனே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அது சுலபமான வேலை கிடையாது. படிக்கட்டும்.

ஜூன் 21

பரிசாக வந்த ஒரு சாகச நாவலைப் பெரியவன் பாதியில் வைத்துவிட்டான். "பிடிக்கல" என்றான், அவ்வளவுதான். சரி என்றேன்.

டேனியல் பென்னாக் பிரான்சில் ஆசிரியராக இருந்த எழுத்தாளர். 1992இல் வந்த அவருடைய புத்தகத்தில் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். முதல் உரிமை வாசிக்காமலே இருப்பது. பக்கங்களைத் தாண்டிப் போவது, பாதியில் நிறுத்துவது, திரும்ப வாசிப்பது எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. பெரியவர்களான நாம் இதையெல்லாம் யாரையும் கேட்காமல் செய்துகொள்கிறோம். பிள்ளைகளிடம் மட்டும், எடுத்தால் முடிக்க வேண்டும் என்று நிற்கிறோம். பாதியில் வைக்க முடியும் என்று தெரிந்த பிள்ளைதான் பயமில்லாமல் அடுத்ததைத் திறக்கும்.

ஜூன் 27

இன்று நடந்ததை விரிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

சின்னவள் யானைப் புத்தகத்தைத் தானே "வாசித்தாள்". மனப்பாடம்தான். வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே சொல்லி வந்தாள். ஒரு பக்கத்தில் வாயில் இன்னும் இரண்டு சொல் பாக்கி இருக்கும்போதே விரல் வரியின் முடிவுக்குப் போய்விட்டது. நிறுத்தினாள். விரலைப் பார்த்தாள். திரும்ப வரியின் ஆரம்பத்திலிருந்து, ஒரு சொல்லுக்கு ஒரு தொடுதல் என்று மெதுவாக வந்தாள். இந்த முறை விரலும் குரலும் ஒன்றாக முடிந்தன. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் வரும் சொல்லுக்குத் தாளில் ஓர் இடம் இருக்கிறது என்பது அவளுக்குப் பிடிபட்ட நேரம் அது.

வாக்கியம் வாக்கியமாக மனதில் ஏறிய புத்தகத்தில்தான் இது நடக்க முடியும். புதுப் புத்தகமாக இருந்தால் விரலோடு ஒப்பிட்டுப் பார்க்க வாயில் ஒன்றும் இருக்காது.

எழுத்துகள் இனிமேல்தான். 247 என்றதும் மலைக்கிறோம், ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மீதியெல்லாம் சேர்க்கை. சேர்க்கையில்தான் குழந்தைக்குத் திகைப்பு. 'கே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலியில் க் முதலில் வரும். 'கோ' என்றால் இரண்டு பக்கமும் ஆள். பெரியவன் இந்த இடத்தில் ரொம்ப நாள் தடுமாறினான். அப்புறம் ஒரு நாள் தடுமாற்றம் போயே போய்விட்டது.

ஜூலை 4

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' சிறுகதை. இந்தத் தலைப்பில் வந்த தொகுப்புக்குத்தான் அவர் மறைந்த பிறகு 1970ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இது எனக்கு எத்தனையாவது முறை என்று தெரியாது.

புத்தகங்கள் கேட்டு, கதை சொல்கிறவரின் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். அவர் கொண்டுவந்த டைரி வேறு பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது, சாரங்கன் என்ற சிறுவனுக்குக் கிடைப்பதில்லை. பிறகு அவன் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, தானே ஒரு டைரியை எடுத்துக் கொடுத்து, அது அவர் தனக்குத் தந்த அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

முன்பெல்லாம் கதை சொல்கிறவரின் தவிப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரியும். இப்போது அந்த முடிவை அங்கேயே விட்டுவிட்டு, அதற்கு முந்தைய பக்கங்களில் சாரங்கனைத் தேடுகிறேன். மற்றப் பிள்ளைகள் கத்திக் குதிக்கும் இடங்களில் இவன் எங்கே நிற்கிறான், என்ன பேசுகிறான், அதை யார் கேட்கிறார்கள்? கடைசியில் நடக்கப்போவது முன்பே தெரிந்திருப்பதால்தான் இவ்வளவு பொறுமையாகத் தேட முடிகிறது. அழகிரிசாமி எல்லாவற்றையும் வெளிப்படையாகவே வைத்திருக்கிறார், ஒன்றையும் ஒளிக்கவில்லை.

சின்னவளின் நத்தை மாதிரிதான்.

ஜூலை 12

இந்த ஆறு மாதத்தில் எத்தனை புத்தகம் முடித்தாய் என்று தோழி கேட்டாள். மறுவாசிப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். எனக்கு இந்த வருடம் கிடைத்த நல்லதெல்லாம் மறுவாசிப்பில் கிடைத்தது. அதனால் எண்ணிக்கை சொல்லாமல் சாரங்கனைப் பற்றிச் சொன்னேன். அவளும் அந்தக் கதையை எடுக்கிறேன் என்றாள்.

பெரியவனும் நானும் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' ஆரம்பித்திருக்கிறோம். எனக்குப் பழையது, அவனுக்குப் புதியது. பறவைகளும் முட்டைகளும் கரிசல் பேச்சும் நிறைந்த புத்தகம். தெரியாத சொற்கள் வருகிற இடத்தில் நின்றுவிடுவானோ என்று நினைத்தேன், நிற்கவில்லை. பறவை என்ன ஆனது என்பதுதான் அவனுக்கு முக்கியம். ஆளுக்கு ஒரு பக்கம் என்று சத்தமாக வாசிப்பதாகப் பேச்சு. நேற்று நான் சமையலறையில் இருந்தபோது அவன் தனியாக இரண்டு அத்தியாயம் முன்னால் போய்விட்டான். நான் ஏற்கனவே படித்ததுதான் என்றாலும், அவன் எதைப் பற்றிப் பேசுவான் என்று தெரியாதே. நாளைக்குள் அந்த இரண்டையும் படித்துவிட வேண்டும்.