கட்-ஆஃப் மட்டும் போதாது: பிளஸ் டூ வீடுகளுக்கு

ரிசல்ட் வந்த மறுநாள், இன்ஜினியரிங் சேர்க்கைக்கு வேண்டிய சாதி, முதல் பட்டதாரி போன்ற சான்றுகளுக்காக இ-சேவை மையத்துக்கு ஓடுவதுதான் நம்மூர் வழக்கம். சான்றிதழ் மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று படியேற வேண்டும். மே மாதம் எல்லா மனுவும் ஒன்றாகக் குவியும். அரையாண்டு லீவிலேயே போட்டுவிடுங்கள்.

மார்க் கணக்கு எளிது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 90, 80, 84 எடுத்தால் 90 + 40 + 42 = 172. கணிதத்தில் ஒரு மார்க் போனால் வேதியியலில் இரண்டு எடுத்துத்தான் ஈடுகட்ட முடியும்.

சிக்கல் தாள்களில்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் அப்பாவுக்கே வேறு பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று இருக்கும் குடும்பங்களில் இது சகஜம். மனு திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூலமாக வைத்து, ஆதாரை முதலில் திருத்துங்கள்.

முதல் பட்டதாரி சலுகை, அதாவது வீட்டில் முதலில் டிகிரி படிப்பவருக்கான கட்டணச் சலுகை, ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில்தான் நம் குமரி மாவட்டத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கிறிஸ்தவ சபைகள் நடத்தும் பள்ளி, அரசு சம்பளம் கொடுத்தாலும், உதவிபெறும் பள்ளிதான். அது கணக்கில் வராது. நடுவில் இரண்டு வருஷம் அங்கே படித்திருந்தாலும் போச்சு. பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாற்றும் முன் இதை யோசியுங்கள்.

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் கேரளப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு தாள் வேண்டும். எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படிக்கவில்லை என்றால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். வீடு தமிழ்நாட்டில்தான் என்று வாயால் சொன்னால் ஏறாது.

ஒன்றை மட்டும் டிசம்பரில் வாங்காதீர்கள்: ஜே.இ.இ. என்ற தேசிய நுழைவுத் தேர்வு வழி சேரும் மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று. அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் தேதியிட்டதைத்தான் கேட்கிறார்கள். மாநில அரசு கொடுக்கும் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்று அட்டையைக் காட்டினால் செல்லாது.