விடுமுறை வீட்டில் புதிய பாய்லர்: எரிவாயு எது என்பதை எழுத்தில் வாங்குங்கள்

விடுமுறை வீட்டில், வெந்நீரும் அறைகளுக்குச் சூடும் தரும் பாய்லரை மாற்றப் போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வரப்போகும் பாய்லர் எந்த எரிவாயுவுக்கு அமைக்கப்பட்டது என்பதை எழுத்தில் வாங்காமல் ஒப்புதல் தராதீர்கள். எங்கள் வீடு குழாய் எரிவாயு எட்டாத இடத்தில் இருக்கிறது. வெளிச்சுவரையொட்டி வைத்த சிலிண்டர்களில் புரொப்பேன்தான் பயன்படுத்துகிறோம். பாய்லரை விற்று நிறுவித் தரும் நிறுவனத்தின் ஆர்டர் படிவத்தில் இதைத் தெளிவாக எழுதி, சிலிண்டர்களையும் ரெகுலேட்டரையும் படமெடுத்தும் அனுப்பியிருந்தேன். அப்படியிருந்தும், விடுப்பு எடுத்து, நெடுந்தூரம் பயணம் செய்து, பணியாளர் பழைய பாய்லரைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான், புதிய பெட்டியிலிருந்து எடுத்த பாய்லரின் அடியில் ஒட்டியிருந்த தகட்டில் ‘இயற்கை எரிவாயு’, அதாவது குழாயில் வரும் எரிவாயு, என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தோம்.

இது பெயரளவிலான வேறுபாடு அன்று. ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பம் இயற்கை எரிவாயு தருவதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆகவே இயற்கை எரிவாயுவுக்கு அமைத்த பர்னர் துளை வழியாகப் புரொப்பேனை விட்டால் எரிபொருள் மிகுந்து, காற்று போதாமல், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பலகையில் அமைப்பை மாற்றினால் போதும். எங்களுக்கு வந்ததற்கு மாற்று கிட், அதாவது வேறு எரிவாயுவுக்கு மாற்றும் உதிரிபாகத் தொகுப்பு, வேண்டும். அது பெட்டியில் இல்லை. நிறுவனத்தின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, “ஆர்டரில் கிட் குறிப்பிடப்படவில்லை, தனியாகக் கேட்டிருக்க வேண்டும்” என்று பதில் வந்தது. படிவத்தின் நகல் என் கையில் இருந்ததால் அந்த வரியை அப்படியே படித்துக் காட்டினேன். அதன் பிறகே கிட்டைத் தங்கள் செலவில் அனுப்பச் சம்மதித்தார்கள். ஆனால் அது வந்து சேரும் வரை, குளிர் இறங்கிவிட்ட பருவத்தில், வெந்நீரும் இல்லை, வீட்டில் சூடும் இல்லை. புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தகட்டைப் படித்துக் காட்டாமல் பழையதைத் தொட விடாதீர்கள்.

கிட்டோடு வந்தவர் வேறொருவர். வேலையை நேர்த்தியாகவே செய்தார். புகை வாயுவை அளக்கும் அனலைசர் மட்டும் அவரிடம் இல்லை. சுடர் நீலமாக எரிகிறது, அது போதும் என்று சொல்லி, முடிவுச் சான்றிதழில் கையெழுத்துக் கேட்டார். எரிவாயு வகையை மாற்றிய பாய்லரில் கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருக்கின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியாது. அளவீடு இல்லாமல் கையெழுத்திட மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். அவர் வருத்தப்பட்டார், ஆனாலும் மறுநாள் கருவியுடன் வந்தார். கருவி அச்சிட்டுத் தந்த அந்தச் சிறு காகிதச் சீட்டைக் கையேட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இத்தனை அலைச்சலில் எனக்கு மனநிறைவு தந்தது அதுதான்.

மாட்டுவதும் மின் இணைப்பும் ஒழுங்காக முடிந்தன. அறைகளைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர்களைக் கழுவியபோது குழாயிலிருந்து மை போன்ற கறுப்பு நீர் நெடுநேரம் வந்துகொண்டே இருந்தது. உள்ளே இரும்பு அரித்து உண்டாகும் மேக்னடைட் அது. கழுவாமல் விட்டால் புதிய பாய்லரின் வெப்பமாற்றியில் போய் அடைத்துக்கொள்ளும். காந்த வடிகட்டி பொருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கழிவுநீர்க் குழாய்க்காகவும் வாதாட வேண்டியிருந்தது. கண்டென்சிங் பாய்லரில் புகையின் ஈரம் நீராகி வடியும். அது அமிலத்தன்மை கொண்டது என்பதால் பிளாஸ்டிக் குழாயில்தான் போக வேண்டும். வெளிச்சுவர் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்குவது அவர்களுக்கு எளிது. ஆனால் கடுங்குளிரில் அந்தக் குழாய் உறைந்து அடைத்தால் பாய்லர் தானே நின்றுவிடும். குடியிருக்கும் வீட்டில் வெந்நீர் ஊற்றிச் சரிசெய்யலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் நின்றது நின்றதுதான், அடுத்து உறைவது ரேடியேட்டர்கள். ஆகவே வீட்டுக்குள்ளேயே சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயோடு இணைக்கச் சொன்னேன். சற்றுக் கூடுதல் வேலை என்று முணுமுணுத்தாலும் செய்து கொடுத்தார்கள்.

உறைதடுப்பு வசதி இருக்கிறது, கவலை வேண்டாம் என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பாய்லருக்குள் இருக்கும் அந்த வசதி முதன்மையாகப் பாய்லரைத்தான் காக்கும். தொலைவிலுள்ள அறையின் குழாய்களை அறையின் வெப்பநிலையைப் பார்த்துப் பாய்லரை இயக்கும் தெர்மோஸ்டாட்தான் காக்க வேண்டும். இரண்டுக்கும் மின்சாரமும் எரிவாயுவும் தேவை. கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டுப் போகிற வழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும், அல்லது பாய்லர் தயாரிப்பாளர் அனுமதிக்கும் உறைதடுப்பு திரவத்தை ரேடியேட்டர்களில் சுற்றும் நீரில் கலக்க வேண்டும்.

சிலிண்டரில் இருப்பது பியூட்டேனா புரொப்பேனா என்பதையும் பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே வாயுவாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை வாயுவாகும். 24 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 2 கிலோ எரிவாயு வேண்டும். ஒற்றைச் சிலிண்டரிலிருந்து அவ்வளவு இழுத்தால் சிலிண்டரே குளிர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். நாங்கள் சிலிண்டர்களை இணைத்து வைத்தது இதனால்தான். அதே 24 கிலோவாட், தண்ணீரை 35 டிகிரி உயர்த்தினால், நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவுதான் வெந்நீர் தரும். விருந்தினர் நிறைந்த நாளில் இரண்டு குளியலறைகளில் ஒரே நேரத்தில் குளிக்க அது போதாது என்பதை வாங்குமுன் யாரும் சொல்வதில்லை.

வாரண்டி, நிறுவிய விவரத்தைப் பதிவு செய்தால்தான் முழுமையாகச் செல்லும். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்த பதிவும் கேட்பார்கள். பதிவை அவர்களே செய்வார்கள் என்று சொன்னதை நம்பிக் காத்திராமல், பாய்லரின் வரிசை எண்ணைக் கொண்டு நானே சரிபார்த்தேன், பதிவாகியிருக்கவில்லை. அழைத்துச் சொன்னதும் அன்றே செய்தார்கள். வீணான பயணத்தின் செலவை மட்டும் இன்னும் தரவில்லை. படிவத்தின் நகலையும் அந்தத் தகட்டின் படத்தையும் இணைத்து மீண்டும் எழுதியிருக்கிறேன்.