நம்ம கடலு எதுவரைக்கும் நம்ம கடலு?

காசிமேட்டுல யார கேட்டாலும் இது நம்ம கடலுன்னுதான் சொல்வாங்க. ஆனா சட்டம் அப்டி ஒரே வார்த்தையில முடிக்கிறதில்ல. கரையில இருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர், அதுவரைக்கும்தான் இந்தியாவோட இறையாண்மை. அங்கயும் வெளிநாட்டு கப்பல் வம்பு பண்ணாம கடந்து போனா தடுக்க முடியாது. 24 மைல் வரைக்கும் கஸ்டம்ஸ் மாதிரி சில விஷயத்துக்கு மட்டும் அதிகாரம். 200 மைல் வரைக்கும் மீனு, எண்ணெய், கேஸ் மேல உரிமை நமக்கு, ஆனா அந்த வழியா போற கப்பல நிறுத்தி நீ ஏன் வந்தேன்னு கேக்க முடியாது.

இந்த கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா சிரிப்பா இருக்கு. கரையில வெச்ச பீரங்கி குண்டு எவ்ளோ தூரம் போவுமோ அதுவரைக்கும் ராஜாவோட கடல்னு ஐரோப்பாவுல ஒரு வாதம் இருந்துச்சு, அது போகப்போக 3 மைல்னு நின்னுச்சு. அடிக்க முடிஞ்ச தூரம் என் ஏரியான்னு சொல்ற தெரு ரவுடி லாஜிக்தான் அது. நம்மாளுங்க 1956ல 6ன்னாங்க, 1967ல 12ன்னாங்க, 1976ல சட்டமாவே போட்டாங்க, அப்புறம் 1982 ஐநா கடல் சட்ட ஒப்பந்தமும் 12 வரைக்கும் போலாம்னு சொல்லிடுச்சு.

2017 ஜனவரில எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி, கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கி, பசங்க பக்கெட்ல மொண்டு எடுத்தாங்களே, அது 12க்குள்ள. மோதுனதுல ஒண்ணு ஐல் ஆஃப் மேன் கொடி போட்ட கப்பல் (அது தனி நாடு கூட கிடையாது, பிரிட்டிஷ் மகுடத்துக்கு கீழ ஒரு தீவு). எந்த கொடியா இருந்தா இன்னா, நம்ம கடலுக்குள்ள நாசம் பண்ணா நம்ம போலீஸ் கேஸ் போடலாம்.

12ஐ தாண்டுனாதான் தலவலி. 2012 பிப்ரவரி 15, கேரளா கரையில இருந்து 20 மைலுக்கு கொஞ்சம் மேல, என்ரிகா லெக்ஸின்னு ஒரு இத்தாலி கப்பல்ல காவலுக்கு இருந்த கடற்படை வீரங்க ரெண்டு பேரு, கடல் கொள்ளைக்காரங்கன்னு நெனச்சு மீன்பிடி போட்ட சுட்டதுல ரெண்டு மீனவருங்க செத்துட்டாங்க, அதுல ஒருத்தரு நம்ம கன்னியாகுமரி பக்கம். கேரளா போலீஸ் அரெஸ்ட் பண்ணாங்க. 2013ல சுப்ரீம் கோர்ட்டு, 12 மைலுக்கு அப்பால கேரளாவுக்கு அதிகாரம் இல்ல, மத்திய அரசு தனி கோர்ட்டு வெச்சு விசாரிக்கட்டும்னுச்சு. இத்தாலி சர்வதேச தீர்ப்பாயத்துக்கு போச்சு. 2020ல தீர்ப்பு: செத்தது இந்திய போட்டுல, அதனால விசாரிக்கிற அதிகாரம் இந்தியாவுக்கும் இருக்கு, ஆனா சுட்டவங்க இத்தாலி அரசாங்கத்தோட வேலையா வந்தவங்க, ஒரு நாட்டோட அதிகாரிய இன்னொரு நாட்டு கோர்ட்டு கூண்டுல ஏத்த முடியாது, நஷ்டஈடு மட்டும் வாங்கிக்கோங்க.

எனக்கு இந்த கேஸ்ல ஒறைக்கிறது இதான். நம்ம இறையாண்மைன்னா நம்ம எல்லைக்குள்ள நம்ம ராஜ்ஜியம்னு மட்டும் நெனச்சுக்கினு இருக்கோம், ஆனா அடுத்த நாட்டோட இறையாண்மை யூனிபார்ம் மாட்டிக்கினு கப்பலேறி நம்ம கிட்டயே வரும், வந்து துப்பாக்கியும் புடிக்கும். எல்லா நாடும் சமம், சமமானவன் சமமானவனுக்கு தீர்ப்பு சொல்லக்கூடாதுன்னு விதி. நம்ம கடற்படை ஆளுக்கும் வெளிநாட்டுல இதே பாதுகாப்புதான்னு சொல்வாங்க, நியாயம்தான், ஆனா போட்டுல செத்தவனுக்கு அந்த சமம் எங்க இருக்கு? 10 கோடி வந்துச்சு, குடும்பத்துக்கு தலா 4, போட்டு ஓனருக்கு 2, 2021ல சுப்ரீம் கோர்ட்டு கேஸ மூடிருச்சு, அடுத்த வருஷம் ரோம்லயும் மூடிட்டாங்க. கடைசி வரைக்கும் ஒரு கோர்ட்டுலயும் கொலை வழக்குன்னு சாட்சி விசாரணை முடியவே இல்ல.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல மாநில உரிமைன்னு பேசுறவங்க கூட இத பெருசா தொடறதில்ல. 12 மைலுக்குள்ள மீன்பிடி சட்டம் போடறது மாநிலம், அதுக்கு வெளிய மீன்புடிக்கிறது மத்திய அரசோட லிஸ்ட்டு. ஆனா அந்த 12க்குள்ளயே தண்ணிக்கு அடியில இருக்கற நிலமும் கனிமமும் அரசியல் சட்டம் 297ன்படி டெல்லிக்கு. நம்ம லாஞ்சு வடக்க போயி ஆந்திரா பக்கம் 12க்குள்ள வலை போட்டா அந்த மாநில சட்டம்தான் புடிக்கும், நீயும் இந்தியன் நானும் இந்தியன்னு சொன்னா அங்க எடுபடாது.