கெட்–கெட் விதியை வருவிப்பது எப்படி

நிரல் ஓடும்போது மாறும் நிலைக்கான (நினைவிடத்தில் உள்ள மதிப்புக்கான) நான்கு விதிகளையும் மனப்பாடம் செய்து தேர்வுக்குப் போகிறவர்கள், 'நான்காவதை மற்ற மூன்றிலிருந்து வருவி' என்று கேட்டால் திணறிப்போகிறார்கள். கெட் என்றால் நினைவிடத்தின் மதிப்பைப் படிப்பது; 'புட் ச' என்றால் அதில் ச-வை எழுதுவது; 'ரிட்டர்ன் ச' என்றால் நிலையைத் தொடாமல் ச-வை விடையாகத் தருவது, () என்பது வெற்று விடை; 'ச ← கெட்' என்றால் படித்த மதிப்புக்கு ச என்று பெயரிடுவது. முதலில் இந்த மூன்றும் கையில் இருக்கட்டும்:

புட் ச; புட் த = புட் த
புட் ச; கெட் = புட் ச; ரிட்டர்ன் ச
ச ← கெட்; புட் ச = ரிட்டர்ன் ()

அதிகம் தவறுவது இரண்டாவதில்தான். வலப்பக்கம் வெறும் 'ரிட்டர்ன் ச' என்று எழுதினால் புட் தொலைந்துபோகும்; அதற்குப் பின் வரும் கெட் பழைய மதிப்பையே படிக்கும்.

நிரூபிக்க வேண்டியது கெட்–கெட், அதாவது அடுத்தடுத்து இரண்டு முறை படித்தாலும் ஒரே மதிப்புதான் (க என்பது அதற்குப் பின் ஓடும் மீதி நிரல்):

ச ← கெட்; த ← கெட்; க ச த = ச ← கெட்; க ச ச

மூன்றாவது விதியைப் பின்னோக்கிப் பயன்படுத்துவதுதான் சூட்சுமம். எந்த நிரலின் முன்னாலும் 'ம ← கெட்; புட் ம' சேர்க்கலாம், பொருள் மாறாது. ம புதிய பெயராக இருக்க வேண்டும். க-வுக்குள் ஏற்கெனவே ம இருந்தால் நிரூபணம் அங்கேயே உடையும்.

இடப்பக்கத்தில் சேர்த்தால்:

ம ← கெட்; புட் ம; ச ← கெட்; த ← கெட்; க ச த
= ம ← கெட்; புட் ம; த ← கெட்; க ம த
= ம ← கெட்; புட் ம; க ம ம

இரண்டு படியிலும் வேலை செய்வது புட்–கெட், அதாவது மேலே உள்ள இரண்டாவது விதி. முதல் படிக்குப் பிறகும் புட் நிற்பதால்தான் அடுத்த கெட்டையும் நீக்க முடிகிறது. வலப்பக்கத்திலும் இதையே செய்தால் ஒரே படியில் அதே கடைசி வரி வரும். மோனடின் (நிரல்களைத் தொடராகக் கோக்கும் கட்டமைப்பின்) சேர்ப்பு விதியையும் அலகு விதியையும் பயன்படுத்திய இடங்களைப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். பயிற்சிக்கு, 'கெட்; செ = செ' (செ எந்த நிரலும்) என்பதை இதே வழியில் நிறுவிப் பாருங்கள்.

பல நினைவிடங்கள் வந்தால் கணினி அறிவியலாளர்கள் பிளாட்கின், பவர் இருவரும் 2002-இல் தந்த ஏழு சமன்பாடுகளைப் படிக்க வேண்டும். நான்கு மேலே உள்ளவைதான். மீதி மூன்று வரிசை மாற்றத்துக்கானவை. அவற்றில் 'இடங்கள் வெவ்வேறு' என்ற நிபந்தனையை எழுதாமல் விடாதீர்கள். ஒரே இடத்தில் 1, பிறகு 2 எழுதினால் மிஞ்சுவது 2. வரிசையைத் திருப்பினால் 1.

இந்த விதிகள் ஒரே இழையில் (ஒரே செயலோட்டத்தில்) ஓடும் நிரலுக்கானவை. கெட் 5-ஐப் படித்தபின் இன்னொரு இழை 6 எழுதிவிட்டால், 'புட் 5' அந்த 6-ஐ அழித்துவிடும். மூன்றாவது விதி அங்கே பொருந்தாது.