அபிங்டன் புனித ஹெலனா ஆலயமும் அதைச் சுற்றிய தரும இல்லங்களும்

ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது அபிங்டன். திங்கட்கிழமைச் சந்தைக்குப் பேர்போன ஊர். ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ராட்லியில் இறங்கலாம், ஆனால் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பஸ்ஸில் வருவதுதான் எளிது. சந்தைத் திடலில் இறங்கி ஈஸ்ட் செயின்ட் ஹெலன் தெருவில் நடந்தால் ஆலயக் கோபுரத்தின் கூர்முனையே வழிகாட்டும்.

உள்ளே போவதற்கு முன் ஆலய வளாகத்தை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். இங்கே கோவிலையும் தருமத்தையும் பிரித்துப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். மேற்கே லாங் ஆலி, வடக்கே ட்விட்டி இல்லம், தெற்கே ஆற்றை ஒட்டி பிரிக் ஆலி. மூன்றுமே ஆதரவற்ற முதியோர் குடியிருக்கக் கட்டிய ஆம்ஸ்ஹவுஸ்கள்.

மூத்தது லாங் ஆலி, 1446-இல் கட்டியது. இந்த ஆலயத்தை மையமாகக் கொண்ட திருச்சிலுவைச் சகோதரர் சபை 13 ஏழைகளுக்காக அதைக் கட்டியது. தங்க இடமும் செலவுக்குப் படியும் சபை தரும். பதிலுக்கு அந்த ஏழைகள் கொடையாளிகளின் ஆன்மாக்களுக்காக ஜெபிக்க வேண்டும். அன்றைய நம்பிக்கையில் அது பிச்சை அல்ல, இரு பக்கக் கடமை. 1416-இல் ஊரின் பாலங்களைக் கட்டத் தொடங்கியதும் இதே சபையோர்தான். ஆற்றைக் கடக்க உதவுவதும் அவர்களுக்குப் புண்ணிய காரியமே. இறந்தோருக்காக ஜெபிக்கும் அமைப்புகளை ஆறாம் எட்வர்ட் அரசு கலைத்தபோது இந்தச் சபையும் போயிற்று. ஆனால் 1553-இல் அரச சாசனம் பெற்று, கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற பெயரில் தருமம் மறுபடி தொடங்கியது. ஹாஸ்பிட்டல் என்றதும் மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். புகலிடம் என்ற பழைய பொருளில் வைத்த பெயர். இல்லங்களை இன்றும் அந்த அறக்கட்டளைதான் பார்த்துக்கொள்கிறது.

லாங் ஆலியின் முன்னால் நீளமாக ஓடும் மரத் தாழ்வாரத்தையும் நடு முகப்பின் பழைய ஓவியங்களையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். பலர் தவறுவது இங்கேதான். அருங்காட்சியகம் என்று எண்ணி ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள், கதவைத் தள்ளுகிறார்கள். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். பாதையோடு நின்றுகொள்ளுங்கள், கதவும் ஜன்னலும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ட்விட்டி இல்லம் 1707-ஆம் ஆண்டையும் பிரிக் ஆலி அடுத்த பத்தாண்டையும் சேர்ந்தவை. பிரிக் ஆலியின் வளைவுகளும் மாடமும் அழகுதான். ஆனாலும் மனம் லாங் ஆலிக்கே திரும்பும்.

ஆலயத்துக்குள் நுழைந்ததும் திசை குழம்பும். நீளத்தைவிட அகலம் அதிகம். தூண் வரிசைகள் ஐந்து கூடங்களாகப் பிரிக்கின்றன. நடுக்கூடம் ஹெலனாவுக்கு உரியது. பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாயான இவர் எருசலேமில் திருச்சிலுவையைக் கண்டெடுத்தார் என்பது மரபு. சகோதரர் சபை சிலுவையின் பெயரைக் கொண்டதன் பொருத்தம் அதில் இருக்கிறது. தென்கோடிக் கூடமும் திருச்சிலுவைக் கூடமே.

நேராக வடகோடியிலுள்ள மாதா கூடத்துக்குப் போங்கள். அங்குள்ள மர விதானத்தில், சுமார் 1390-இல் தீட்டிய ஈசாயின் மரம் இருக்கிறது: தாவீதின் தகப்பனில் தொடங்கி இயேசு வரையிலான வம்சம், அரசர்களும் தீர்க்கதரிசிகளுமாக. லீலி மலர்ச்செடியின் மேல் கிறிஸ்து அறையுண்டிருக்கும் பலகையைத் தவறவிடாதீர்கள். மரியாளுக்கு மங்கள வார்த்தை (இயேசு பிறப்பார் என்ற தேவதூதரின் செய்தி) வந்த நாளும் சிலுவை மரண நாளும் ஒன்றே, மார்ச் 25, என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த உருவம் அது, மிக அரிது. வண்ணம் மங்கியிருக்கிறது, உயரமும் அதிகம். சின்ன பைனாகுலர் கையில் இருந்தால் நல்லது. இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் உட்காருங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

1637-இல் இறந்த மேயர் வில்லியம் லீயின் நினைவுப் படமும் இங்கே உண்டு. அவர் சந்ததி இருநூற்றுக்கு மூன்று குறைவு என்று அதில் எழுதியிருக்கிறது. பெருமையைக் குறைத்துச் சொல்வதிலும் ஒரு பெருமை!

ஆராதனையில் கலந்துகொள்வது நல்லது. சனிக்கிழமைகளில் திருமணத்துக்காகச் சுற்றிப் பார்ப்பதை நிறுத்திவைக்கலாம் என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், தொப்பியைக் கழற்றுங்கள். ஆங்கிலிக்கன் முறை என்பதால் தென்னிந்தியத் திருச்சபையாருக்கு ஆராதனை ஒழுங்கு பழகியதாகவே இருக்கும். தங்கள் சபையில் திருவிருந்து பெறுகிறவர்கள் இங்கும் பெறலாம். மற்றவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தலைகுனிந்தால் குருவானவர் ஆசீர்வதிப்பார். கை நீட்டினால் அப்பம் கேட்பதாகக் கொள்வார்.

வெளியே வந்ததும் ஆற்றங்கரைத் துறைக்கு இறங்குங்கள். கூர்முனையும் பிரிக் ஆலியின் செங்கல்லும் நீரோடு சேர்ந்து ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் அதுதான்.