ஜவ்வாது மலை அந்தி நடை: தை, மாசி நாட்குறிப்பு

2025 ஜனவரி 29, புதன். தை அமாவாசை

சூரியன் மறைவது 6:15. வானம் முழுசாக இருட்டுவது 7:28. இந்த இரண்டு நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். காவலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து, நாங்கள் ஆட்களைக் கூட்டிப்போய் வானம் காட்டும் பாறைக்கு இரண்டரை கிலோமீட்டர், ஏற்றம் 180 மீட்டர். மலை பழகாதவர்களுக்கு 70 நிமிடம் ஆகும். மேலே வியர்வை அடங்கவும் ஈரச் சட்டையை மாற்றவும் 20 நிமிடம். மேற்கு முகடு சூரியனைப் பத்து நிமிடம் முன்பே மறைத்துவிடும். ஆக, 4:30க்கே ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். 5 மணி என்று சொன்னால் மறைவு வழியிலேயே முடிந்துவிடும்.

நடையில் நேரம் பார்க்க விரல் போதும். கையை முழுசாக நீட்டி, சூரியனுக்கும் முகட்டுக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்க்கவும். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் ஒரு விரலுக்கு எட்டு நிமிடம் வைக்கலாம். நான்கு விரல் என்றால் அரை மணி.

மறைந்ததும் எல்லாரும் மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது கிழக்கே திருப்ப வேண்டியது வழிகாட்டியின் வேலை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கிழக்கு அடிவானத்தில் நீலச்சாம்பல் பட்டை ஒன்று எழும்பும், அதன் மேல் விளிம்பில் இளஞ்சிவப்பு. அந்தப் பட்டை பூமியின் நிழல். சீக்கிரம் கரைந்துவிடும், தவற விடக்கூடாது.

அனுமதி பற்றிக் கேட்பவர்களுக்கு: காப்புக்காட்டுக்குள் இருட்டில் நடக்கக் கூடாது, நாங்களும் போவதில்லை. பாறையும் வழியும் பட்டா நிலம். நிலத்துக்காரரிடமும் ஊரிலும் சொல்லி, வனச்சரக அலுவலகத்துக்கும் தகவல் கொடுத்த பிறகே ஆள் சேர்ப்போம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களை நினைத்தால் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

பிப்ரவரி 1, சனி

மூன்றாம் பிறை, பக்கத்தில் வெள்ளி. பிறையின் இருண்ட பாகமும் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. 9 மணி வாக்கில் நிலா இறங்கிவிடும், அதற்குப் பிறகு நல்ல இருட்டு.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு செல்போன் திரை அதைக் கெடுத்துவிடும். அதனால் பாறையில் சிவப்பு வெளிச்சம் மட்டும். தனியாகச் சிவப்பு டார்ச் வாங்க வேண்டாம். சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாக டார்ச் முகத்தில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால் போதும். ஒரு மடிப்பு போதாது, வெள்ளை கசியும். செல்போனைப் பைக்குள் போடச் சொல்வதைவிட அணைக்கச் சொல்வது நல்லது, அழைப்பு வந்தால் திரை தானாக எரியும். இன்னொன்று: காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிற மலை இது. அந்தத் திசைக்கு வெள்ளை டார்ச்சோ பச்சை லேசரோ காட்டவே கூடாது.

இறங்கும்போது இந்தச் சட்டம் மாறும். சிவப்பு வெளிச்சத்தில் செம்மண், சருகு, வேர் மூன்றும் ஒரே நிறம். சருகின் மேல் சுருட்டை விரியன் கிடந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எனவே கிளம்பும் நேரத்தில் தாளைக் கழற்றிவிட்டு வெள்ளை வெளிச்சம், குறைந்த அளவில், காலடிக்கு இரண்டு மீட்டர் முன்னால். நெற்றியில் கட்டும் டார்ச் நேரே அடிப்பதால் மேடுபள்ளத்தின் நிழல் விழாது, எல்லாம் சமமாகத் தெரியும். இடுப்பளவில் கையில் பிடித்தால் கல்லுக்கும் வேருக்கும் நிழல் விழுந்து பள்ளம் புரியும்.

பிப்ரவரி 8, சனி

பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பு. நட்சத்திரத்துக்கு ஆகாத இரவு. வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பால்வீதி எங்கே என்று கேட்டு ஏமாந்து போவார்கள். வியாழனின் நிலாக்கள், செவ்வாயின் சிவப்பு, நிலாவின் பள்ளங்கள் போதும்.

நிலா வெளிச்சம் இருக்கிறதே என்று டார்ச் இல்லாமல் இறங்க ஆசைப்படுவார்கள். 9 மணிக்கு நிலா உச்சிக்கு அருகில். வெட்டவெளியில் கண் கூசும், மரத்தடியில் கன்னங்கரேல். கால் பிசகுவது இந்த இரண்டும் மாறும் இடத்தில்தான்.

பிப்ரவரி 22, சனி

இந்தப் பருவத்தின் நல்ல வானம். நிலா நள்ளிரவுக்குப் பிறகுதான் எழும். 7:35லிருந்து எட்டேகால் வரை மேற்கே ராசிமண்டல ஒளி: வெள்ளியை நோக்கி ஏறக்குறைய செங்குத்தாக எழும் நிறமற்ற கூம்பு. கோள்களுக்கு நடுவே மிதக்கும் தூசியில் படும் சூரிய வெளிச்சம். திருப்பத்தூர், வாணியம்பாடி வெளிச்சத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊர் வெளிச்சம் அகலமாக, தாழ்வாக, மஞ்சளாக இருக்கும்.

8:30க்குத் தெற்கே திரும்பினால் அகத்திய நட்சத்திரம், அடிவானத்துக்கு மேல் 25 டிகிரியில். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி 10 டிகிரி, ஆக இரண்டரை முஷ்டி. திருவாதிரை, ரோகிணி, கார்த்திகை எல்லாருக்கும் பெயரளவில் தெரிந்தவை. ஜாதகத்தில் கேட்ட நட்சத்திரத்தை முதல்முறை கண்ணால் பார்க்கும்போது மக்கள் நிஜமாகவே நெகிழ்கிறார்கள். அதனால் நாங்கள் கிரேக்கக் கதைகளில் தொடங்குவதில்லை, அவரவர் நட்சத்திரத்தில் தொடங்குகிறோம். துருவ நட்சத்திரம் இங்கே 12½ டிகிரிதான், வடக்கு முகட்டுப் புகைமூட்டத்தில் பெரும்பாலும் காணாமல் போகும்.

கருவி பற்றி: நடைக்கு 10×50 பைனாகுலர் நான்கு பேருக்கு ஒன்று. மிருகசீரிஷத்துக்குக் கீழே, வேட்டைக்காரன் (ஓரியன்) உருவத்தின் வாளில் உள்ள ஒளிமுகிலுக்கு அதுவே போதும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்த்தால் மங்கலானவை கூடுதலாகத் தெரியும். 130 மில்லிமீட்டர் டாப்சோனியன் தொலைநோக்கி ஆறேழு கிலோ, ஒருவர் முதுகில் போகும். மேலே ஏறியதும் மூடியைத் திறந்து வைக்கவும். கண்ணாடி குளிராத முதல் அரை மணி வியாழன் கொதிப்பது போல ஆடும், குறை குவியத்தில் இல்லை. பனி இறங்கினால் லென்ஸைத் துணியால் துடைக்காதீர்கள், பூச்சில் கீறல் விழும். பார்க்காத நேரம் மூடி போட்டுக் கீழ்நோக்கி வைத்தால் ஈரம் பிடிப்பது தள்ளிப்போகும்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஏழு கோளும் வரிசையில் தெரியும் என்று செய்தி பரவியதால் விசாரிப்பு அதிகம். உள்ளது இதுதான்: வெள்ளி, வியாழன், செவ்வாய் மூன்றும் வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று. புதன் மேற்கே மிகத் தாழ்வு, முகடு மறைக்காத இடம் வேண்டும். சனி அந்தி வெளிச்சத்தில் மூழ்கிவிட்டது. யுரேனஸுக்குப் பைனாகுலர். நெப்டியூனை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வெள்ளியைப் பைனாகுலரில் காட்டுங்கள். மெல்லிய பிறை! வானம் நீலமாக இருக்கும்போதே, 6:40 வாக்கில் பார்த்தால் கூசாது.

தீக்காலம் தொடங்கிவிட்டது. அடுப்பு, சாம்பிராணி, பீடி எதற்கும் இடமில்லை, தேநீர் ஊரிலிருந்தே பிளாஸ்கில். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டர் இறக்கத்துக்கு. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், முன்னவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எண்ண வேண்டும். கரடி நடமாடும் மலை, பேசிக்கொண்டே இறங்குங்கள். பாறையைவிட்டு 9:15க்குக் கிளம்பினால் பத்தரைக்குள் ஊர். மேலே ஆள் சோர்ந்திருந்தால் 8:30க்கே கிளம்புவோம், வானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.